மூன்றாம் மாடிக் கீறல்

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. மசி அண்ணன் என்றால்தான் தெரியும். ஆபீஸ்களில் இருக்கும் ஜெராக்ஸ் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் பத்து நகக்கண்களிலும் கருப்பு மசித்தூள் ஒட்டிக்கொண்டே இருக்கும். விசேஷ வீடுகளில் யாராவது கை கொடுக்க வந்தால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அவர் மனைவி, "இவர் எங்கயும் கையெழுத்துப் போடவே வேணாம், விரலை வெச்சாலே போதும்" என்று கேலி செய்வார்.

யுத்தம் தொடங்கிய வருடம் ராணுவத் தலைமையகத்தின் ஏழு மெஷின்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. முதல் நாளே ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே பார்த்தது, கேட்டது, படித்தது எதையும் வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் ஏழு வருடம் சிறை. அண்ணன் சரியென்று போட்டுக்கொடுத்தார். அதிகம் பேசுகிற ஆளும் இல்லை அவர்.

மூன்றாம் மாடியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு அறை. அவர் கருவிப்பெட்டியோடு உள்ளே நுழைந்ததும், அங்கே இருந்த எழுத்தர் மேசைமேல் கிடக்கும் தாள்களையெல்லாம் மளமளவென்று குப்புறக் கவிழ்த்துவார். "அந்த ரூம்ல எல்லாத் தாளும் எனக்கு முதுகைத்தான் காட்டும்" என்று அண்ணன் வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். அவர் வெளியே சொன்ன ஒரே ரகசியம் அதுதான்.

அந்த அறை மெஷினில் ஒரு நாள் தாள் சிக்கிக்கொண்டது. அவசரத்திலிருந்த ஓர் அதிகாரி, மெக்கானிக் வரும்வரை பொறுக்காமல், உறை பிரிக்கும் கத்தியை உள்ளே விட்டு நெம்பிவிட்டார். மெஷினுக்குள் டிரம் என்று ஓர் உருளை உண்டு. எழுத்தின் நிழல் அதில் விழுந்து, மசி ஒட்டி, பிறகுதான் தாளுக்கு இறங்கும். அந்த டிரம்மின்மேல் தூண்டில் முள் போல ஒரு சின்னக் கீறல் விழுந்துவிட்டது. டிரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அந்த முள் தாளில் பதியும். ஒரு பக்கத்துக்கு மூன்று முறை, இடது ஓரத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் தள்ளி, ஒன்றன்கீழ் ஒன்றாக.

"டிரம்மை மாத்திடணும் சார். துடைக்கிற பிளேடு உரச உரசக் கீறல் நீண்டுக்கிட்டே போகும்" என்றார் அண்ணன். எழுத்துமூலம் கேட்கச் சொன்னார்கள். ஐந்து முறை எழுதிக் கேட்டார். ஐந்து முறையும் ஒரே பதில்தான் வந்தது: போர்க்காலச் சிக்கனம் கருதி இயலாது.

அண்ணனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் எதுவும் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றை மெஷினில் ஓடவிட்டு, அதன் பின்பக்கம் தேதி போட்டு, எழுத்தரிடம் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் வாங்கி, தன் சர்வீஸ் ரசீதோடு பின் அடித்து வைத்துக்கொள்வார். நாளைக்கு யாரும் வேலை சரியில்லை என்று சொல்லிவிடக்கூடாது அல்லவா? வாசல் காவலர், கீறலின் மூன்று புள்ளிகள் மட்டும் விழுந்த அந்தத் தாளை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "ஒண்ணுமே இல்லையேப்பா இதுல" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

யுத்தத்தின் இரண்டாம் வருடம், மழை விட்டிருந்த ஒரு காலையில், ஆற்றுக்கு அக்கரை ஊர்களிலிருந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்த அரசுப் பேருந்து மலைச்சாலையில் குண்டு விழுந்து எரிந்துபோனது. இருபத்தாறு பேர். மாலை வானொலியில் அறிவிப்பு வந்தது. எச்சரிக்கையை மீறி, தடை செய்யப்பட்ட சாலையில் ஓட்டுநர் பேருந்தைச் செலுத்தியதால் எதிரியின் குண்டுவீச்சுக்கு இலக்கானது என்றார்கள். இறந்தவர்களில் ஓட்டுநரும் ஒருவர். பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்த ஓட்டுநர் எங்கள் தெருக்காரர். அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு எங்கள் எல்லோருக்கும் தைத்துக்கொடுத்தவள். இரண்டு பெண் குழந்தைகள். துக்கத்துக்குப் போனவர்கள் வாசலோடு திரும்பினார்கள். அதற்கப்புறம் யாரும் துணி கொண்டுபோகவில்லை. மற்றவர்களைச் சொல்வானேன், நானே இரண்டு சட்டைத் துணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் வீட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போனேன். அண்ணன் மனைவி கணக்கு டீச்சரும் நிறுத்திக்கொண்டார். அவரோடு ஒரே அறையில் பாடம் நடத்திய இன்னொரு டீச்சர் அந்தப் பேருந்தில் எரிந்துபோனவர்களில் ஒருவர்.

ஓட்டுநரின் சின்ன மகள் டீச்சரின் வகுப்பில்தான் படித்தாள். "உங்கப்பாதானே எல்லாரையும் கொன்னாரு?" என்று பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று கேட்டதை டீச்சர் ஒரு நாள் பார்த்தார். பிள்ளைகளை விரட்டினார். ஆனால் அந்தப் பேச்சைப் பிள்ளைகள் எந்த வீடுகளிலிருந்து கொண்டுவருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

தையல்காரம்மா மட்டும் பார்த்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த ரோட்டுல போகலாம்னு யாராவது எழுதிக் குடுக்காம அவர் வண்டியை எடுத்திருக்கவே மாட்டாருங்க." நாங்கள் பாவம் என்று தலையசைத்துவிட்டு நகர்ந்தோம்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செய்தித்தாள் ஒன்றின் முதல் பக்கத்தில் தலைமையகத்தின் ரகசிய அறிக்கையிலிருந்து இரண்டு பக்கங்களைப் படமாகவே போட்டிருந்தார்கள். யாரோ தபாலில் அனுப்பிய நகல். அந்தச் சாலையில் போகலாம் என்று சோதனைச்சாவடியே அன்று விடியற்காலை எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தகவல் பீரங்கிப் படைக்குப் போய்ச் சேரவில்லை. விழுந்தது நம்முடைய குண்டு. மறுநாளே தலைமையகத்துக்கு இதெல்லாம் தெரியும். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "யுத்தம் முடியும்வரை இது வெளிவரக்கூடாது. ஓட்டுநர் தடையை மீறினார் என்ற அறிவிப்பே தொடரலாம்."

ஊரே அந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது, மசி அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படத்தின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இந்தப் புள்ளி மூணும் உனக்குத் தெரியுதா?"

"அச்சுல ஏதோ அழுக்கு."

"அழுக்கு ஒரே இடத்துல மூணு தடவை விழாது. இது என் மெஷின். மூணாம் மாடி."

டீச்சர் ஸ்கேலை எடுத்துவந்தார். பத்திரிகைப் படத்தின் அகலத்தை அளந்தார். பத்தரை சென்டிமீட்டர், அதாவது அசலில் சரிபாதி. பிறகு புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே அளந்தார். "நாலு புள்ளி ஏழு. ரெண்டால பெருக்கினா ஒன்பது புள்ளி நாலு. உங்க டிரம் ஒரு சுத்துக்கு எவ்வளவு?"

"ஒன்பது புள்ளி நாலு" என்றார் அண்ணன். டீச்சர் சாப்பாட்டுத் தட்டுகளை மூடிவைத்தார்.

அன்று மாலையே அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆவணம் எதிரியின் கைக்கூலிகள் தயாரித்த போலியாம். மறுநாள் பத்திரிகை ஆசிரியரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி, ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. போர்க்காலத்தில் போலி ஆவணம் தயாரித்த குற்றத்துக்குப் பதினைந்து வருடம் வரை போடலாம்.

நாலு நாள் அண்ணன் கருவிப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். ஐந்தாம் நாள் காலை, டீச்சர் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தார்.

"ஏழு வருஷம்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"எதுக்கு எழுதிக் குடுத்தீங்க? பார்த்ததை, படிச்சதைச் சொல்லமாட்டேன்னுதானே? அங்க நீங்க என்ன படிச்சீங்க?"

"ஒரு எழுத்துகூடப் படிக்கலை. கீறலைத்தான் பார்த்தேன்."

"அப்ப அந்தக் கீறலைப் பத்திச் சொல்லுங்க."

"அதில்ல. சண்டை நடக்குது. உன் தம்பியும் படையோட அங்கதான் நிக்கிறான். நம்ம வாயால அவனுக்கு ஏதாவது கெடுதல் வந்துட்டா?"

டீச்சர் பையைக் கீழே வைத்தார். "அவன் அங்க நிக்கிறதாலதான் சொல்றேன். படை எங்க நிக்குது, எத்தனை பேர் இருக்காங்கன்னு வெளிய சொன்னா அது அவனுக்குக் கெடுதல். செஞ்ச தப்பைச் செத்தவன் தலையில கட்டினாங்களே, அதை மூடி வெச்சா அவனுக்கு என்னங்க பாதுகாப்பு? நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவன் மேலயே பழியைப் போட்டுட்டுப் போகமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

அண்ணன் எழுந்து போய்ப் பரணிலிருந்து சர்வீஸ் ரசீதுக் கட்டை இறக்கினார். தூசி தட்டினார். பதினோரு மாத வெள்ளைத் தாள்கள், இருபத்திரண்டு.

பத்திரிகை ஆசிரியருக்கு வாதாடிய வக்கீல் எப்போதும் ஜலதோஷத்தோடு இருக்கும் குண்டு மனிதர். தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தவர் கைக்குட்டையை மூக்கிலேயே வைத்தபடி எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, இதுல இருக்கிற சூட்சுமம் புரியுதா? ரகசியத்தை வெளியிட்டாங்கன்னு கேஸ் போட்டிருந்தா, அந்தத் தாள் நிஜம்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனாலதான் போலின்னு போட்டாங்க. நீங்க வந்து நின்னா அந்தக் கேஸுக்குக் காலே கிடையாது."

"எனக்குக் கோர்ட்டுல பேசிப் பழக்கமில்லையே, சார்."

"மெஷினைப் பத்தி மட்டும் பேசுங்க, போதும்."

சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்த மூன்றாம் நாள், வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டுமே என்று ஞாபகப்படுத்தினார்கள். பிறகு அந்த உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்து நீட்டினார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

அண்ணன் வாங்கிப் பார்த்தார். "ஆமாங்க. பக்கத்துல என் கட்டைவிரல் கறைகூட இருக்கு, பாருங்க."

சிரிக்கக்கூடாத இடத்தில் அவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனபின் அண்ணன் வெகுநேரம் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். அதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

விசாரணை அன்று தெருவில் பாதிப்பேர் நீதிமன்றத்தில் இருந்தோம். கடைசி வரிசையில், யாரோடும் சேராமல், தையல்காரம்மா பெரிய மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

அரசு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பத்தாவதுங்க. ஃபெயில்."

"ஆவணங்களை ஆராயறதுக்கு ஏதாவது பயிற்சி எடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எந்த தைரியத்துல இது தலைமையக மெஷின்ல எடுத்த நகல்னு சொல்றீங்க?"

"அந்த மெஷினை இருபத்திரண்டு தடவை கழட்டி மாட்டியிருக்கேனுங்க. என் வீட்டுக்காரம்மா கையெழுத்தைவிட அந்தக் கீறல் எனக்கு நல்லாத் தெரியும்."

கூட்டம் சிரித்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த மாதிரி ஒரு கீறலை யார் வேணும்னாலும் பேனாவால போட்டுடலாமே?"

அண்ணன் யோசித்தார். "போடலாமுங்க. ஆனா எந்தக் கீறலைப் போடுவாங்க?"

"என்ன சொல்றீங்க?"

"கீறல் வளர்ந்திருக்குங்க. முதல் மாசம் அந்த முள்ளுக்கு வாலே கிடையாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுது. என் தாளையெல்லாம் வரிசையா வெச்சுப் பாருங்க, குழந்தை வளர்ற மாதிரி தெரியும். பத்திரிகைக்கு வந்த தாள்ல வால் எவ்வளவு நீளம்னு அளந்து பார்த்தேன். பேருந்து எரிஞ்ச மாசம் ரெண்டாம் தேதி நான் எடுத்த தாளைவிடக் கொஞ்சம் பெரிசு. அதே மாசம் பத்தொன்பதாம் தேதி எடுத்ததைவிடக் கொஞ்சம் சின்னது. நடுவுல எடுத்த நகல் அது. எரிஞ்சது பதினொண்ணாம் தேதி. எட்டு மாசம் கழிச்சுப் போலி பண்றவனுக்கு, அன்னிக்கு வால் எவ்வளவு இருந்ததுன்னு எப்படிங்க தெரியும்? எனக்கே தாளைப் பார்த்தாத்தான் தெரியுது."

நீதிபதி அந்தத் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டி, பின்பக்கமிருந்த தலைமையக முத்திரைகளைப் பார்த்தார். பிறகு அந்த மெஷினைக் கொண்டுவரும்படி சொன்னார்.

அரசு வக்கீல் தொண்டையைச் செருமினார். "கனம் நீதிபதி அவர்களே, பராமரிப்புக் காரணங்களுக்காக டிரம் மாற்றப்பட்டுவிட்டது."

"எப்போ?"

அவர் கோப்பைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். "திங்கட்கிழமை."

"ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்தது. அதுக்கு மறுநாள்" என்றார் நீதிபதி. "பழைய டிரம் எங்க?"

"அழிக்கப்பட்டுவிட்டது."

"இந்தச் சாட்சி அஞ்சு தடவை எழுதிக் கேட்டும் சிக்கனம்னு மறுத்திருக்கீங்க. பேப்பர்ல படம் வந்த மறுநாள் சிக்கனம் எங்க போச்சு?"

அரசு வக்கீல் கோப்பை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று வாரம் கழித்துப் போலி ஆவண வழக்குத் தள்ளுபடியானது. ஆசிரியர் வெளியே வந்தார். ரகசியச் சட்டத்தில் மறுபடி வழக்குப் போடுவார்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். "போடட்டும். உண்மையைச் சொன்னதுக்குன்னு எழுதித் தந்தா, ஜெயிலுக்குப் போகப் பெட்டி கட்டியே வெச்சிருக்கேன்" என்றார். வழக்கை என்னவோ போட்டார்கள். ஆனால் நடத்த வேண்டுமானால் அந்த அறிக்கை தங்களுடையதுதான் என்று கூண்டில் ஏறி ஒருவர் சொல்லியாக வேண்டுமே. வாய்தா மேல் வாய்தாவாகப் போய், யுத்தம் ஓய்ந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு ஒப்பந்தம் போனது. உறுதிமொழியை மீறினார் என்று இரண்டு நாள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். எழுத்தில்லாத வெள்ளைத் தாள் எந்தச் சட்டத்திலும் ரகசியம் ஆகாது என்று அதே நீதிபதி எழுதிய வரியை வக்கீல் கொண்டுவந்து காட்டியதும் விட்டுவிட்டார்கள். சில மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. டீச்சர் சம்பளத்தில் ஓட்டினார்கள். பிறகு ஊரிலிருந்த வக்கீல் ஆபீஸ்கள் எல்லாம் அவரையே கூப்பிட ஆரம்பித்தன. ரிப்பேர் வேலைக்கு ஆள் தேடினால் வாயடக்கமான ஆளாக வேண்டும், அதே சமயம் பொய் சொல்லாத ஆளாகவும் வேண்டும் என்றார் ஜலதோஷ வக்கீல். அந்த நகலை வெளியே அனுப்பியது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அண்ணன்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. "நான் இல்லீங்க. அனுப்பினவங்களுக்கு என்னைவிட நெஞ்சுரம் அதிகம்" என்பார்.

கோர்ட்டில் சாட்சி சொன்ன அன்று மாலை நடந்ததையும் சொல்ல வேண்டும். டீச்சர் வீட்டுக்குள் போகாமல் நேரே ஓட்டுநர் வீட்டு வாசலில் போய் நின்றார். கையில் துணியும் இல்லை, பையும் இல்லை. தையல்காரம்மா கதவைத் திறந்தாள்.

"நான் வராம இருந்தது தப்புதான். மன்னிச்சுக்கோ" என்றார் டீச்சர்.

அவள் உடனே உருகிவிடவில்லை. "எட்டு மாசம், டீச்சர்" என்றாள். "என் சின்னவ ராத்திரியில எழுந்து உட்கார்ந்து, அப்பா நிஜமாவே தப்பா ஓட்டினாராம்மான்னு கேப்பா. நான் இல்லைன்னு சொன்னா, அப்புறம் ஏன் டீச்சர்கூட நம்ம வீட்டுக்கு வரலைன்னு கேப்பா."

டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். தையல்காரம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் நானும் என் சட்டைத் துணியோடு போனேன். "நாலு பேருக்கு அப்புறம்தான் வரும், அவசரமா?" என்று கேட்டாள். அவசரமில்லை என்றேன்.

யுத்த நிறுத்தம் வந்த மறு வருடம் அந்தச் சம்பவத்துக்குத் தனி விசாரணைக் குழு போட்டார்கள். பொதுமக்கள் சாகும் எந்தச் சம்பவத்தின் அறிக்கையையும், நீதிபதி ஒருவர் ஒப்புக்கொள்ளாமல் தொண்ணூறு நாளுக்கு மேல் பூட்டிவைக்கக்கூடாது என்ற சட்டமும் அப்போதுதான் வந்தது. குழு நகர மண்டபத்தில் கூடியது. கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் யாரும் நேரே கேள்வி கேட்கலாம். எதிரே அன்றைய தளபதியும், வானொலி அறிவிப்பைத் தயாரித்த செயலாளரும், இன்னும் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

தையல்காரம்மாவின் முறை வந்தபோது மைக் உயிரை விட்டுவிட்டது. தட்டிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள். கூட்டம் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

"மைக் என் வேலை இல்லீங்க" என்று முனகிக்கொண்டே அண்ணன் முன்னால் போனார். ஒயரை மடக்கிப் பார்த்தார். பிளக்கில் ஒரு நுனி விட்டுப்போயிருந்தது. பல்லால் உறையைக் கடித்து உரித்து, முறுக்கிச் சொருகினார். மைக் கரகரத்து உயிர் பெற்றது. அதை அவள் உயரத்துக்கு இறக்கிவைத்துவிட்டு விலகி நின்றார்.

அவள் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. "தப்பாச் சுட்டவங்க மேலகூட எனக்குக் கோபம் இல்லீங்க. அவசரத்துல, பயத்துல, தெரியாமச் செஞ்சிருப்பாங்க. ஆனா அதை என் வீட்டுக்காரர் பேர்ல எழுதினது யாரு? யோசிச்சு, உட்கார்ந்து எழுதினது. அவங்க பேர் எனக்கு வேணும்."

செயலாளர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர், "கேள்வி தெளிவாத்தான் இருக்கு. பதில் சொல்லுங்க" என்றார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு இன்னும் நாலு பெயர்கள், ஒவ்வொருவரும் எந்த வரியை எழுதினார்கள், யார் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள் என்று. சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் கடைசிவரை மைக் முன்னால் நின்றுகொண்டே கேட்டாள். நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள்.